ஆறு கம்ப்யூட்டர் உள்ள சின்ன யூனிட்டுக்கு சைபர் பாதுகாப்பு: எதுல இருந்து ஆரம்பிக்கறது?

#1 கரூர்_பெட்லினன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. கரூர்ல வீட்டு ஜவுளி ஏற்றுமதி பண்றோம். பெட்ஷீட், கிச்சன் டவல், ஏப்ரன் இந்த மாதிரி. தறி வெளியில, கட்டிங், தையல், பேக்கிங் நம்ம இடத்துல. ஆபீஸ்ல ஆறு கம்ப்யூட்டர். ஒண்ணுல டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) இருக்கு, மத்ததெல்லாம் அதோட லேன்ல சேர்ந்திருக்கு. காஸ்டிங் ஷீட், டிசைன், பையர் மெயில், ஷிப்பிங் டாக்குமெண்ட் எல்லாமே இந்த ஆறுக்குள்ளதான்.

எங்க பக்கத்து யூனிட்டுல ஒரு திங்கக்கிழமை காலையில வந்து பாத்தா எந்த ஃபைலும் திறக்கல. ஃபைல் பேருக்குப் பின்னாடி புரியாத எழுத்து, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் பணம் கேட்டு ஒரு நோட்டு. பேக்கப் எடுக்கற ஹார்டு டிஸ்க் அதே கம்ப்யூட்டர்ல செருகியே இருந்ததால அதுவும் போச்சு. இப்ப அவங்க ஒவ்வொரு பார்ட்டிக்கா ஃபோன் போட்டு "நீங்க எங்களுக்கு எவ்வளவு பாக்கி தரணும்"னு அவங்ககிட்டயே கேட்டு லெட்ஜர் கட்டிட்டு இருக்காங்க. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

நம்ம கம்ப்யூட்டர் டீலர், வெளியில இருந்து வர்ற இணைப்பை வடிகட்டற ஒரு ஃபயர்வால் பாக்ஸும், ஆறுக்கும் ஆன்டிவைரஸும் கொட்டேஷன் கொடுத்திருக்கார். அப்பா கேட்கறது ஒண்ணே ஒண்ணு: "இதை வாங்கிட்டா நமக்கு வராதா?" அவருக்கு என்ன பதில் சொல்றது?

#2 ஈரோடு_சர்வீஸ்

வராதுன்னு எழுதிக் கொடுக்க எந்த டீலராலயும் முடியாதுங்க. அப்பாகிட்ட வேற ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு அந்த டேலி கம்ப்யூட்டர் எரிஞ்சே போச்சுன்னா, சாயங்காலத்துக்குள்ள இன்வாய்ஸ் போட முடியுமா? அதுக்கு "முடியும்"னு பதில் வர்ற வரைக்கும் பாக்ஸ் வாங்கற பேச்சு வேண்டாம்.

பக்கத்துல எப்படி உள்ள வந்துச்சுன்னு விசாரிச்சீங்களா? நான் போய்ப் பாக்கற இடங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது இதுதான். முதலாளி வீட்டுல இருந்து டேலி பாக்கணும்னு சொல்வார். யாரோ ஒருத்தர் ரவுட்டர்ல 3389ங்கற போர்ட்டை, அதாவது வெளியில இருந்து உள்ள வர்ற வழியைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவார். அந்த போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்குன்னு உலகம் முழுக்கத் தேடிக்கிட்டே இருக்கற புரோகிராம்கள் இருக்கு. கம்பெனி பெரிசா சின்னதான்னு அது பாக்காது. கம்பெனி பேரோட 123 சேர்த்து பாஸ்வேர்டு வெச்சிருந்தா ராத்திரியோட ராத்திரி உள்ள வந்துடுவாங்க. வந்தவங்க முதல்ல பேக்கப் எங்கே இருக்குன்னு தேடி அழிப்பாங்க, அப்புறம்தான் மத்ததைப் பூட்டுவாங்க. ஆபீஸ் பூட்டியிருக்கற ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு வசதி.

அதனால இன்னைக்கே ரவுட்டருக்குள்ள போய் போர்ட் ஃபார்வேர்டிங்ல என்ன இருக்குன்னு பாருங்க. ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்டு வாங்கும்போது வந்ததாவே இருந்தா அதையும் மாத்துங்க. வெளியில இருந்து டேலி பாத்தே ஆகணும்னா விபிஎன் (பூட்டின தனி இணைப்பு) வழியா மட்டும். எனிடெஸ்க் மாதிரி தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை இயக்கற செயலி இருந்தா, ஆள் இல்லாதப்பவும் உள்ள வர்றதுக்குன்னு தனி பாஸ்வேர்டு போட்டு வெச்சிருப்பாங்க, அதை எடுத்துடுங்க. சப்போர்ட் பையன் வரும்போது நீங்க எதிர்ல உக்காந்து அனுமதி கொடுத்தா போதும்.

அடுத்தது அப்டேட். 2017 மே 12ல வான்னாக்ரை வந்து உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஃபேக்டரியெல்லாம் நின்னுச்சே, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச் 14லயே கொடுத்திருந்துச்சு. மாட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க அதைப் போடாதவங்க. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. உங்க ஆறுல எத்தனை இன்னும் 10ல ஓடுதுன்னு முதல்ல எண்ணுங்க.

ஆன்டிவைரஸ் பத்தி என் கருத்து: விண்டோஸோட வர்ற டிஃபெண்டரை யாரும் அணைக்காம வெச்சிருந்தாலே உங்க அளவுக்குப் போதும். அதுல குறிப்பிட்ட ஃபோல்டரை முன்பின் தெரியாத புரோகிராம் மாத்த முடியாதபடி தடுக்கற ஒரு அமைப்பு இருக்கு, டேலி டேட்டாவுக்கு அதைப் போட்டு வெச்சிருங்க. அந்தக் காசை பேக்கப்புக்குச் செலவு பண்ணுங்க.

#3 நாமக்கல்_டிரேடர்ஸ்

ஆறு சிஸ்டத்துக்கும் ஒரிஜினல் விண்டோஸ், புது மெஷின்னு போனா சின்ன கம்பெனி தாங்குமாங்க? நாங்க வருஷக்கணக்கா, லைசென்ஸ் வாங்காமலே விண்டோஸை ஓட வைக்கற ஆக்டிவேட்டர் போட்டுத்தான் ஓட்டறோம், ஒண்ணும் ஆகல.

#4 ஈரோடு_சர்வீஸ்

அண்ணா, அந்த ஆக்டிவேட்டரைப் போடும்போது முதல்ல என்ன கேக்குதுன்னு நினைச்சுப் பாருங்க. "ஆன்டிவைரஸை அணைச்சுட்டு ஓட்டு"ங்கும். யார் எழுதினதுன்னே தெரியாத ஒரு புரோகிராமுக்கு கம்ப்யூட்டரோட முழு அதிகாரத்தையும் கொடுத்துட்டோம். அதுக்கப்புறம் அது உள்ள என்ன பண்ணுதுன்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. ஆறையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. டேலியும் நெட் பேங்கிங்கும் ஓடற ஒரு மெஷின் மட்டும் முதல்ல சுத்தமா இருக்கட்டும். அதுல யூடியூப் வேண்டாம், பென் டிரைவ் வேண்டாம், வாட்ஸ்அப்ல வந்த ஃபைலைத் திறக்கறதும் வேண்டாம். லேபிள் பிரிண்ட் பண்ற மெஷின் பழசாவே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும், இன்டர்நெட்டை மட்டும் பிடுங்கிடுங்க.

#5 கணக்குப்_பிரிவு

நான் கோயம்புத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். முதலாளிகள் பேசுவதையே படிக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆபீஸ்களில் டேலிக்கு ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. மூன்று பேர் அதிலேயே வேலை பார்ப்போம். ஒரு வவுச்சர் மாறியிருந்தால் யார் மாற்றியது என்று தெரியாது. சந்தேகம் எப்போதும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள் மேல்தான் விழும். ஆளுக்கொரு யூசர் கொடுங்கள். வவுச்சர் போடுகிறவருக்கு அழிக்கும் உரிமை வேண்டாம். நம்பிக்கையில்லாமல் இதைச் சொல்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களைக் காப்பாற்றுவதே அந்தத் தனி யூசர்தான். பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு மென்பொருளில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவால் என்ன பயன்?

சரக்கு அனுப்ப ஜிஎஸ்டிக்காக எடுக்கும் இ-வே பில்லும் அப்படித்தான். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் அந்தத் தளத்தில் ஓடிபி கட்டாயம். எங்கள் இடத்தில் முதலில் அது முதலாளியின் ஃபோனுக்குத்தான் வந்தது. லாரி வாசலில் நிற்கும், அவர் பேங்கில் இருப்பார், நாங்கள் ஃபோன் போட்டு நம்பரைக் கேட்போம். தினமும் ஓடிபியை ஃபோனில் சொல்லிச் சொல்லியே பழகிவிட்ட ஆபீஸில், ஒருநாள் வேறு யாராவது அதே மாதிரிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தத் தளத்திலேயே துணை யூசர் உருவாக்கி அவரவர் மொபைல் எண்ணைப் பதியலாம். அதைச் செய்த பிறகு ஓடிபி கேட்டு வரும் ஃபோன் எல்லாமே பொய் என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

#6 கரூர்_பெட்லினன்

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. இன்னைக்கே டேலில ஆளுக்கொரு யூசர் போட்டுடறோம். பேக்கப் பத்தி இன்னும் விவரமா யாராவது சொல்லுங்க. கூகுள் டிரைவ்ல போட்டா போதுமா?

#7 திருப்பூர்_மெர்ச்சண்டைசர்

டிரைவ் மட்டும் போதாதுங்க. கம்ப்யூட்டர்ல ஃபைல் பூட்டுப்பட்டா அந்தப் பூட்டின ஃபைலே மேல போய் உக்காந்துக்கும். பழைய பதிப்பை எடுக்கலாம், ஆனா டிரைவ்ல அது 30 நாள் வரைக்கும்தான் இருக்கும்னு நினைச்சுக்கறது நல்லது. ஆயிரக்கணக்கான ஃபைலை ஒவ்வொண்ணா பின்னாடி இழுக்கறது சாதாரண வேலை இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது மெயில் பத்தி. ஏற்றுமதிக்காரங்களுக்கு, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற ரான்சம்வேரை விட அதுல வர்ற நஷ்டம் பெரிசு. யாரோ ஒருத்தர் நம்ம மெயிலுக்குள்ளயோ பையரோட மெயிலுக்குள்ளயோ நுழைஞ்சு, எதையும் தொடாம வெறுமனே படிச்சுட்டு இருப்பாங்க. எந்த ஆர்டர், எப்ப ஷிப்மெண்ட், எப்ப பணம் வரணும், நம்ம கடிதம் எப்படி முடியும், எல்லாம் தெரியும். சரியா பணம் அனுப்பற வாரத்துல, நம்ம புரோஃபார்மா (முன்கூட்டி அனுப்பற இன்வாய்ஸ்) மாதிரியே ஒண்ணு பையருக்குப் போகும், பேங்க் கணக்கு மட்டும் வேற. மெயில் முகவரியில ஆங்கில "எம்" இருக்க வேண்டிய இடத்துல "ஆர்", "என்" ரெண்டையும் ஒட்டிப் போட்டிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது. பையர் பணத்தைக் கட்டிடுவார். சரக்கு நம்மகிட்ட இருந்து கிளம்பியிருக்கும். அப்புறம் யார் நஷ்டம்னு மாசக்கணக்குல பேச்சு.

எங்க வழக்கம் இது: புரோஃபார்மாவுலயே "எங்கள் பேங்க் கணக்கு மாறாது, மாறியதாக மெயில் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களை அழையுங்கள்"னு ஒரு வரி அச்சாகி இருக்கும். நூல் மில்லுல இருந்து கணக்கு மாறிடுச்சுன்னு மெயில் வந்தாலும் இதேதான். அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கு ஃபோன் போடாதீங்க, அது அவங்க நம்பராத்தான் இருக்கும். பழைய பில்லுல உள்ள நம்பருக்குப் போடுங்க. உள்நாட்டுப் பணம்னா 2025 ஏப்ரல்ல இருந்து ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்லயும் அனுப்பறதுக்கு முன்னாடி கணக்குக்காரர் பேரைப் பாக்கற வசதி வந்திருக்கு. மில் பேருக்குப் பதிலா யாரோ ஒரு தனி ஆள் பேர் காட்டினா அங்கேயே நிறுத்திடலாம்.

கரூர்க்காரங்க ஜனவரியில ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குப் போய் விசிட்டிங் கார்டை அள்ளிக் கொடுத்துட்டு வருவீங்க. அதுக்கப்புறம் வர்ற "என்கொயரி" மெயில்ல உள்ள இணைப்பை யார் திறக்கறாங்க, எந்த மெஷின்ல திறக்கறாங்கன்னு பாருங்க. நிஜ பையரும் அப்பத்தான் எழுதுவாங்க, அதனாலதான் இதுல மாட்டறது சுலபம். மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு உறுதிப்படுத்தலும் கேக்கறது) கட்டாயம் போடுங்க. அமைப்புகள்ல போய் நமக்குத் தெரியாத முகவரிக்கு மெயில் தானா போற மாதிரி ஏதாவது விதி இருக்கான்னும் பாருங்க. பாஸ்வேர்டை மாத்தினாலும் அந்த விதி அப்படியே இருக்கும்.

#8 மதுரை_மெடிக்கல்ஸ்

எங்களுக்கு மெயிலெல்லாம் கிடையாது, யூபிஐ மட்டும்தான். பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட்டை யார் காட்டினாலும் நம்பாதீங்க, சவுண்ட் பாக்ஸ் சொல்லணும், இல்ல நம்ம செயலியில வரணும். கடை திறந்ததும் க்யூஆர் ஸ்டிக்கரை ஒரு தடவை நம்மளே ஸ்கேன் பண்ணி நம்ம பேர்தான் வருதான்னு பாத்துக்கறோம். இன்னொண்ணு, தெரியாத ஆள்கிட்ட இருந்து வந்த பணத்தால எங்களுக்குத் தெரிஞ்ச கடைக்காரர் கணக்கை வேற மாநில போலீஸ் முடக்கிட்டாங்க. அதுக்கு என்ன வழி?

#9 மட்டுறுத்துநர்

கணக்கு முடக்கம் தனி விஷயம், அதுக்குத் தனி இழை திறங்க. இங்கே தொடங்கினவர் கேள்வியோட நிற்போம்.

#10 ஆடிட்டர்_அலுவலகம்

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. நிறையப் பேருடைய ஜிஎஸ்டி பதிவில் எங்கள் அலுவலக மொபைல் எண்ணும் மெயிலும்தான் இருக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்திடும் யூஎஸ்பி) எங்கள் மேஜை டிராயரில், அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் பின் எண். வேலை சுலபம் என்று அவர்களே கொடுத்துவிட்டுப் போனது.

#11 நாமக்கல்_டிரேடர்ஸ்

அதுல என்ன தப்பு? ஆடிட்டரை நம்பாம யாரை நம்பறது? நாள் கடந்தா அபராதம் கட்டறது நாங்கதானே.

#12 ஆடிட்டர்_அலுவலகம்

எங்களை நம்புங்கள், தாராளமாக. ஆனால் அந்த டோக்கன் உங்கள் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளை யாரிடமும் கொடுக்க மாட்டீர்கள் அல்லவா? எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் மாறுகிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரிலும் வைரஸ் வரும். அப்படி வந்தால் ஒருவருடையது மட்டும் போகாது, எங்களிடம் உள்ள எல்லாக் கட்சிக்காரர்களுடையதும் போகும்.

அதோடு எண் மாறிப்போவது இன்னும் பெரிய தொல்லை. ஏற்றுமதிக்காரர்கள் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி எண்) விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) தளத்தில் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஐஇசி செயலிழக்கும், சரக்கு போகாது. ஓடிபி போவது மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன மேனேஜரின் எண்ணுக்கு என்றால் ஜூன் கடைசி வாரத்தில் என்ன செய்வீர்கள்? அவருடைய சிம் இப்போது வேறு யாரிடமாவது இருக்கலாம்.

ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: ஜிஎஸ்டி, இ-வே பில், டிஜிஎஃப்டி, ஐஸ்கேட் (சுங்கத்துறைத் தளம்), உத்யம் (சிறுதொழில் பதிவு), பிஎஃப், இஎஸ்ஐ, வருமானவரி, நெட் பேங்கிங், கம்பெனி மெயில், இணையதளப் பெயர். ஒவ்வொன்றுக்கும் எந்த மொபைல், எந்த மெயில், அது இப்போது யார் கையில். என் அனுபவத்தில் இந்தத் தாளை எழுதி முடிக்கும்போது ஒவ்வொரு முதலாளிக்கும் ஒன்றிரண்டு இடத்தில் பேனா நின்றுவிடும். கம்பெனி பேரில் ஒரு சிம் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ஃபயர்வால் கொட்டேஷன் அதற்குப் பிறகு.

#13 ஈரோடு_சர்வீஸ்

#12ஐ அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டணும். என் லிஸ்ட்டுக்கும் முன்னாடி இதைத்தான் வெக்கணும். அதோட வாட்ஸ்அப்பையும் சேர்த்துக்குங்க. கம்பெனி வாட்ஸ்அப்ல இணைக்கப்பட்ட சாதனங்கள்னு ஒரு பக்கம் இருக்கு. வேலையை விட்டுப்போனவங்க லேப்டாப் இன்னும் அதுல இருந்தா ரேட் எல்லாம் அவங்களுக்கும் தெரிஞ்சுட்டு இருக்கும்.

இப்ப பேக்கப். டேட்டா மூணு இடத்துல இருக்கணும், அதுல ஒண்ணு கட்டடத்துக்கு வெளியில, ஒண்ணு எந்த வயரும் வைஃபையும் தொடாம. உங்களுக்கு என்ன செய்யலாம்னா, ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஒண்ணுல எடுத்து, கழட்டி, அப்பா வீட்டு பீரோவுல. அடுத்த சனிக்கிழமை இன்னொண்ணு. தினசரி பேக்கப் கிளவுட்ல போகட்டும். செருகியே வெச்சிருக்கற டிஸ்க்கை நான் பேக்கப்னே எண்ண மாட்டேன். உங்க பக்கத்து யூனிட்டுல நடந்ததைப் பாத்தீங்களே.

மாசம் ஒரு தடவை அதை வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணிப் பாக்கணும். டேலில ரீஸ்டோர் பண்ணும்போது வேற ஃபோல்டரைக் கொடுங்க, இல்லேன்னா இருக்கறது மேலேயே எழுதிடும். டேலிவால்ட் (டேலி டேட்டாவைப் பூட்டற வசதி) பாஸ்வேர்டு போட்டிருந்தா அதை எழுதி டிஸ்க்கோட சேர்க்காம வேற இடத்துல வைங்க. அது மறந்துபோனா டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்னோட கடைசித் தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும், அதனால பழைய வருஷத்து டேட்டாவையும் விட்டுடாதீங்க.

#14 சிவகாசி_அச்சகம்

பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வெக்கலாமா? எங்க பையன் கூடாதுங்கறான்.

#15 ஈரோடு_சர்வீஸ்

பீரோவுல பூட்டி வெச்ச நோட்டுன்னா தாராளமா எழுதலாம்ண்ணா. வெளிநாட்டுல இருக்கறவன் உங்க பீரோவைத் திறக்க மாட்டான். மானிட்டர்ல ஒட்டறதுதான் கூடாது. பையனுக்கு வசதின்னா பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் வெச்சுக்கட்டும். எதுல வெச்சாலும் மெயிலுக்கும் பேங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது.

#16 கணக்குப்_பிரிவு

பணம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி ஒட்டிவையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் கை ஓடாது. உடனே 1930க்கு (சைபர் மோசடி உதவி எண்) அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். கூடவே பேங்குக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, பேங்க் பக்கமும் நம் பக்கமும் தவறில்லாமல் நடந்த மோசடி என்றால், பேங்கில் இருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை. நாமே ஓடிபி சொல்லியிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது பேங்க் நஷ்டம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் சொல்லலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் பயப்படாமல் உடனே வந்து சொல்கிற மாதிரி முதலாளியும் நடந்துகொள்ள வேண்டும். திட்டு விழும் என்று தெரிந்தால் யார் சொல்வார்கள்?

பேங்க் என்று சொல்லி லிங்க் வந்தால் முகவரி "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். எல்லா பேங்குகளும் 2025 அக்டோபருக்குள் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது.

#17 நாமக்கல்_டிரேடர்ஸ்

பூட்டிட்டுப் பணம் கேட்டா கொடுத்துடறது நல்லதில்லையா? லெட்ஜர் முழுக்கப் போறதை விட அது குறைவுதானே?

#18 ஈரோடு_சர்வீஸ்

கொடுத்தாலும் சாவி வரும்னு உறுதி இல்லண்ணா. வந்தாலும் எல்லா ஃபைலும் திறக்கும்னும் இல்ல. முதல்ல நெட்வொர்க் வயரைப் பிடுங்கி மத்த மெஷினைக் காப்பாத்துங்க. ஃபார்மட் பண்ணிடாதீங்க. 2016ல யூரோபோல், டச்சு போலீஸெல்லாம் சேர்ந்து ஆரம்பிச்ச "நோ மோர் ரான்சம்"னு ஒரு தளம் இருக்கு. பூட்டின ஃபைல் ஒண்ணைக் கொடுத்தா எந்த வகைன்னு பாத்து, சில வகைக்கு இலவசமாவே திறக்கற கருவி தருது. இப்ப இல்லேன்னாலும் பின்னாடி வரலாம், அதனால அந்த டிஸ்க்கைப் பத்திரமா எடுத்து வெக்கணும். மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துல புகார் கொடுங்க. சர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்னு 2022 ஏப்ரல் 28 உத்தரவு இருக்கு, கம்பெனிகளுக்கும் பொருந்தும்.

கரூர்த் தம்பி, உங்க பக்கத்து யூனிட்டுக்கு இதைச் சொல்லுங்க. அவங்க டிஸ்க்கை அழிக்காம இருந்தா இன்னும் வழி இருக்கலாம்.

#19 கரூர்_பெட்லினன்

சொல்லிட்டேங்க, நல்லவேளை டிஸ்க்கை அப்படியே வெச்சிருக்காங்க. அந்தத் தளத்துல கொடுத்துப் பாக்கறதுக்கு எங்க பையன் இன்னைக்குப் போறான்.

நம்ம இடத்துல நடந்ததையும் சொல்றேன். அப்பாவும் நானும் உக்காந்து #12 தாளை எழுதினோம். டிஜிஎஃப்டி எண் பழைய மேனேஜர்துதான். இணையதளப் பெயர் யார் பேர்ல இருக்குன்னு இன்னும் கண்டுபிடிக்கல, அதை வடிவமைச்சுக் கொடுத்தவரைத் தேடிட்டு இருக்கோம். கம்பெனி சிம்முக்கு எழுதிக் கொடுத்தாச்சு. ரவுட்டர்ல போர்ட் ஒண்ணும் திறந்து இல்ல. டேலி பேக்கப்பை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணினோம், நல்லா வந்துச்சு. ஆனா டிசைன் ஃபோல்டரும் காஸ்டிங் ஷீட்டும் பேக்கப்லயே இல்ல. அது மெர்ச்சண்டைசர் பொண்ணு மெஷினோட டெஸ்க்டாப்ல இருக்கு. அப்பாவுக்கு டேலியை விட அதுதான் உயிரு. டிசைன் ஃபைலெல்லாம் ரொம்பப் பெரிசு, கிளவுட்ல ஏத்தினா நெட் நாள் முழுக்க இழுக்குது. அதை எப்படிப் பண்றது?

#20 ஈரோடு_சர்வீஸ்

முதல் முழு பிரதியை கிளவுட்ல ஏத்தாதீங்க, ஹார்டு டிஸ்க்ல எடுங்க. அதுக்கப்புறம் மாறின ஃபைல் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல போற மாதிரி நேரம் குறிச்சு விடுங்க, அந்த மெஷினை மட்டும் அணைக்காம, யூபிஎஸ்ல வெச்சிருங்க. டெஸ்க்டாப்ல சேமிக்கறதை நிறுத்தி ஆர்டர் நம்பர்வாரியா ஒரே ஃபோல்டருக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பேக்கப்ல சேர்த்தா போதும். ஏற்றுமதி முடிஞ்ச ஆர்டரோட டிசைனை ரெண்டு டிஸ்க்லயும் ஏத்தி, ரெண்டுலயும் திறந்து பாத்த பிறகுதான் மெஷின்ல இருந்து எடுக்கணும். இணையதளப் பெயர் யார்கிட்ட பதிவாகியிருக்குன்னு ஹூஇஸ் (இணையதளப் பெயர் பதிவு விவரம் காட்டற) தேடல்ல பதிவு நிறுவனத்தோட பேரும் முடியற தேதியும் தெரியும். தேதி நெருங்கி இருந்தா டிசைனை விட அதை முதல்ல பாருங்க, கம்பெனி மெயில் அதுலதான் ஓடுது.